பெரிய சாருக்குப் பூ, குமாஸ்தாவுக்கு முள்

சென்ற மாதம் எங்கள் தமிழ்ச் சங்க விழாவில் மேடை மேசை மேல் ஒரு கள்ளிச்செடி வைத்திருந்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் தொட்டி, உருண்டையான செடி, உச்சியில் ரோஜா நிறத்தில் ஒரு பூ. பேச வந்த எல்லாரும் அதைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். ஒருவர் அதைக் கையால் காட்டி, பாலைவனத்தில் விட்டாலும் தமிழன் பூப்பான் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டார். விழா முடிந்து நாற்காலிகளை மடக்கும்போது நான் கிட்டே போய்ப் பார்த்தேன். பூ காகிதம். பசை வைத்து ஒட்டியிருந்தது.

கூட்டத்தில் எழுந்து சொல்லும் ஆள் நான் இல்லை. பக்கத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த செயலாளரிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். “அட, உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?” என்று கேட்டார். இந்தச் செடிதான் எனக்குப் பல வருடம் சோறு போட்டது என்றேன். “அப்ப ஆண்டு மலருக்கு உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க” என்றார். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் என்றேன். “நாங்க திருத்திக்குவோம்” என்றார். ஆகையால் இதில் நன்றாக இருக்கும் இடங்களுக்கு அவர்களைப் பாராட்டுங்கள்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்து, தாராவியில் செய்யது பாயின் தோல்பைப் பட்டறையில் பசை தடவும் வேலையில் சேர்ந்தேன். பாயும் நம் ஊர்ப்பக்கம்தான், கடையநல்லூர்க்காரர். பசை வேலையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நாற்றத்தில் தலை சுற்றும், அவ்வளவுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் பாய் உல்லாஸ்நகர் போனார். அங்கே ஒரு வியாபாரி கடையைக் காலி செய்கிறான் என்று கேள்விப்பட்டு, ஒரு டெம்போ நிறையக் குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் தொட்டிகளை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். ஒவ்வொன்றும் டீ கிளாஸ் அளவுதான் இருக்கும். மலிவாக ஒரு பொருள் கிடைத்தால் பாய் முதலில் வாங்குவார், பிறகுதான் யோசிப்பார். இதில் என்ன வைப்பது என்று பட்டறையே உட்கார்ந்து மூளையைக் கசக்கியது. ஒருவர் கொத்தமல்லி என்றார். ஒருவர் ஊறுகாய் போட்டு விற்கலாம் என்றார். கடைசியில், இத்தனை சிறிய தொட்டியில் பட்டினி கிடந்தும் உயிரோடு இருக்கக்கூடியது கள்ளி ஒன்றுதான் என்று யாரோ சொல்ல, பாய் கள்ளி வியாபாரி ஆனார். தொழில்கள் இப்படித்தான் தொடங்குகின்றன. பெரிய மனிதர்கள் பேட்டி கொடுக்கும்போது வேறு மாதிரி சொல்வார்கள்.

செம்பூரில் ஒரு சுவரோரமாக நீளத் துண்டு நிலம் வாடகைக்குக் கிடைத்தது. மூங்கில் நட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, பலகைகளில் தொட்டிகளை வரிசையாக வைத்தோம். அதற்கு நர்சரி என்று பெயர். பட்டறையில் யார் குறைவாகப் பேசுகிறான் என்று பார்த்து என்னை அங்கே அனுப்பினார் பாய். கள்ளிக்குச் சத்தம் ஆகாது என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அது உண்மையில்லை. ஆனால் அந்தப் பொய்யால் எனக்குப் பசை நாற்றத்திலிருந்து விடுதலை கிடைத்ததால் நான் அதைத் திருத்தவில்லை.

கற்றுக்கொண்ட காலத்தை நீட்டி எழுதப் போவதில்லை. முதல் மழைக்காலத்தில் பாதிச் செடிகள் அழுகின. அடுத்த மழைக்காலத்தில் கால்வாசி அழுகின. அதற்குப் பிறகு எல்லாரும் என்னை மாலி, அதாவது தோட்டக்காரன், என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

வேலை இதுதான். சலித்த ஆற்று மணல், செங்கல் பொடிசு, கொஞ்சம் கரித்தூள், கொஞ்சம் மட்கிய இலை. விரலால் குத்தினால் சரசரவென்று உதிர வேண்டும். உருட்டினால் உருண்டையாக நிற்கக் கூடாது. செடியைக் கையால் தொடக் கூடாது. பழைய செய்தித்தாளை நாடா மாதிரி மடித்து, செடியின் இடுப்பில் சுற்றிப் பிடித்துத் தூக்க வேண்டும். தண்ணீர் எப்போது என்று தெரிய, தீக்குச்சியை மண்ணில் குத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். குச்சியில் மண் ஒட்டினால் போய்விட வேண்டும். ஒட்டாவிட்டாலும் இரண்டு நாள் கழித்து வருவது நல்லது. மழை முடிந்து குளிர் வரும் சமயத்தில் செடியைக் கண்டுகொள்ளவே கூடாது. அப்போதுதான் அதற்குப் பயம் வந்து, சாவதற்குள் பூத்துவிடுவோம் என்று உச்சியைச் சுற்றி ரோஜா நிறத்தில் சின்னச் சின்னப் பூக்களாக ஒரு வளையம் கட்டும். அதைப் பார்த்துவிட்டு, எவ்வளவு அன்பாக வளர்த்திருக்கிறீர்கள் என்று வாங்க வருபவர்கள் சொல்வார்கள்.

பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் நேராகத் திட்ட மாட்டார். செடியிடம் சொல்வார். நர்சரிக்குள் வந்ததும் பலகையில் முதலில் கண்ணில் படும் செடிக்கு முன்னால் குனிவார். எல்லாச் செடிக்கும் அவர் வைத்த பெயர் மொட்டையன்.

“என்னல மொட்டையா, ஒனக்கு நேத்து யாரு தண்ணி ஊத்துனது? வெள்ளிக்கெழம வரைக்கும் ஊத்தக் கூடாதுன்னுல்லா சொல்லியிருந்தேன். இங்கன ஒரு மனுசன் நிக்கான் பாரு, அவனுக்குக் காது இருக்கான்னு கேளு.”

நானும் செடியைப் பார்த்தே பதில் சொல்வேன். “நான் ஊத்தல. மேல தாள் கிழிஞ்சிருக்கு. மழ உள்ள வந்துட்டு.”

“தாள் கிழிஞ்சா தைக்க ஆளு வேணும்லா மொட்டையா? அந்த ஆளுக்குத்தான சம்பளம் குடுக்கேன்?”

“தாள தைக்க முடியாது. புதுசு வாங்கணும்.”

“வாயப் பாத்தியா மொட்டையா அவனுக்கு!”

செடி வாங்க வந்தவர்கள் சிலர், இங்கே யார் யாரோடு பேசுகிறார்கள் என்று புரியாமல், வாங்காமலே திரும்பிப் போயிருக்கிறார்கள். எனக்கு இந்த ஏற்பாடு வசதியாக இருந்தது. முதலாளி முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய அவசியமே வரவில்லை. உலகத்தில் எல்லா முதலாளிகளும் இடையில் ஒரு செடியை வைத்துக்கொண்டால் நல்லது.

விற்பனை சுமார்தான். வாங்கிப் போனவர்கள் பாசத்தில் தினமும் தண்ணீர் ஊற்றிக் கொன்றுவிட்டு, பாய் செத்த செடியை விற்கிறார் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அப்போதுதான் பாய்க்கு வாடகை யோசனை வந்தது. செம்பூரில் ஒரு பெரிய கம்பெனியின் அலுவலகத்தைப் பிடித்தார். அறைக்கு ஒரு பூக்கும் கள்ளி. மாத வாடகை. பராமரிப்பு எங்களுடையது.

குளிரூட்டிய அறையில், ஜன்னல் மூடி, குழல் விளக்கு வெளிச்சத்தில் கள்ளி பூக்காது. மொட்டு இருந்தால்கூட விரியாமல் உதிர்ந்துவிடும். இது பாய்க்கும் தெரியும், எனக்கும் தெரியும். கம்பெனிக்குத் தெரியாது. அதனால் ஒரு வழி வைத்திருந்தோம். மேசையில் இருப்பது அழகான பீங்கான் தொட்டி. அதற்குள் ஒளிந்திருப்பது எங்கள் உல்லாஸ்நகர்ப் பிளாஸ்டிக் தொட்டி. வாரம் ஒருநாள் காலையில், அதிகாரிகள் வருவதற்கு முன்னால், நான் ஒரு தட்டில் நர்சரியிலிருந்து பூத்த செடிகளைக் கொண்டுபோவேன். பீங்கான் தொட்டி நகராது. உள்தொட்டியை மட்டும் உருவிவிட்டு வேறொன்றைச் செருகுவேன். வெளிறிப்போன பழைய செடி நர்சரிக்கு வந்து வெயிலில் படுத்துத் தேறிக்கொள்ளும். ஆஸ்பத்திரி மாதிரிதான். அறையில் இருப்பவருக்கு, தன் செடி பூத்துக்கொண்டே இருக்கிறது என்று தோன்றும்.

இதில் வரிசை உண்டு. பாய் முதல் நாளே செடியிடம் சொல்லிவிட்டார்: “பெரிய சாருக்கு விரிஞ்ச பூ. செக்‌ஷன் தலைவருக்கு மொட்டு. கிளார்க்குமாருக்கு முள்ளு போதும். இத மாத்தி வச்சியோ, மொட்டையா, ஒன் ஆளுக்கு இருக்கு.”

நான் ஒருமுறை மாற்றி வைத்துவிட்டேன். அவசரத்தில், கொள்முதல் பிரிவுத் தலைவர் மேசையில் முழு வளையம் பூத்த செடி போய்விட்டது. பெரிய சாருக்கு மொட்டு. மத்தியானத்துக்குள் அந்த அலுவலகம் முழுவதும் கொள்முதல் பிரிவுத் தலைவருக்குப் பதவி உயர்வு என்று பேச்சு. அவரும் நம்பிவிட்டார். மறுநாள் டை கட்டிக்கொண்டு வந்தாராம். பெரிய சார் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மொட்டையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அடுத்த வாரம் நான் சரியாக மாற்றி வைத்த பிறகு டை போய்விட்டது. படித்தவர்கள், பெரிய கட்டடத்தில் வேலை பார்ப்பவர்கள். ஒரு செடி இத்தனை வேலை செய்யும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

இதற்கெல்லாம் மூலகாரணம் பாய் விட்ட ஒரு வார்த்தை. ஆரம்பத்தில் பெரிய சார் ஆச்சரியப்பட்டு, “எங்க வீட்ல எதை வச்சாலும் காஞ்சு போறது, இங்க மட்டும் எப்படி?” என்று கேட்டபோது பாய், “அது ஒங்க கை ராசி சார்” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பெரிய சார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

சில வருடங்கள் இப்படி ஓடின. மற்ற இடங்கள் வரும், போகும். நர்சரியின் நிலவாடகையும் என் சம்பளமும் இந்த ஒரு கம்பெனியில்தான் நின்றன. அப்போது நிர்வாக அதிகாரியாகக் கல்யாணராமன் என்று ஒருவர் மாற்றலாகி வந்தார். மாட்டுங்காவில் வீடு. சிக்கனத்தில் பெயர் வாங்கியவர். வந்த வாரமே பாயைக் கூப்பிட்டார். நான் தட்டோடு பின்னால் நின்றேன். எதிரே பெரிய சார் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் உள்ளே தன் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாய், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தச் செடிக்கு நீங்க என்ன பண்றேள்?”

“பராமரிப்பு சார்.”

“பராமரிப்புன்னா? தண்ணி விடறேளா?”

“இதுக்குத் தண்ணி அவ்வளவா ஆகாது சார்.”

“உரம்?”

“அதுவும் எப்பவாச்சும்தான் சார்.”

“பூக்கறதே, அது?”

பாய் வாயைத் திறந்தார். வாராவாரம் மாற்றி வைக்கிறோம் என்று சொன்னால் வாடகைக்கு நியாயம் கிடைத்துவிடும். ஆனால் பெரிய சாரின் கை ராசி அந்த இடத்திலேயே செத்துவிடும், அதோடு கம்பெனியும் போய்விடும். பாய் திறந்த கதவைப் பார்த்தார்.

“அது... பெரிய சார் கை ராசி சார்.”

“அப்போ தண்ணி வேண்டாம். உரம் வேண்டாம். பூ எங்க சாரோட கை ராசி. வாடகை எதுக்கு?”

பாய் செடியைத் தேடினார். மேசையில் செடி இல்லை. கல்யாணராமன் தன் அறைக்குச் செடியே வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

இருக்கும் செடிகளை ஒரேயடியாக விலைக்குக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பாய் மறு பேச்சில்லாமல் சம்மதித்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நர்சரிக்கு வந்ததும் முதல் செடி முன்னால் குனிந்து விளக்கினார்:

“மொட்டையா, அவனக் கவலப்பட வேண்டாம்னு சொல்லு. மழ வருது. அந்த ஏசிக்குள்ள, தண்ணிய வேற ஊத்துவானுவ. தீவாளிக்குள்ள எல்லாம் கூழாயிரும். பெரிய சாருக்குப் பூ இல்லாம இருக்க முடியாது. தன்னால வண்டி அனுப்புவானுவ. அதுவரைக்கும் ஒன் ஆளு பட்டறையில பசை தடவட்டும். இங்க சாயங்காலம் வந்து பாத்துக்கிடட்டும்.”

“அனுப்பலன்னா?” என்று நான் செடியைக் கேட்டேன்.

“அனுப்பலன்னா இந்த எடத்த விட்டுர வேண்டியதுதான். அவன் காலம் பூரா பசைதான்.”

ஆக என் பிழைப்பு அந்தச் செடிகள் சாவதில் இருந்தது. நானே குட்டி பிரித்து, நானே நட்டு, நானே தூக்கிச் சுமந்த செடிகள். உலகத்தில் எந்தத் தோட்டக்காரனுக்கும் கிடைக்காத வேண்டுதல் எனக்குக் கிடைத்தது. அந்த வருடம் மழையும் என் பக்கம்தான் இருந்தது. ஜூனில் பிடித்தது விடவேயில்லை.

வீட்டில் என் மனைவி பேச்சியம்மாள் தினமும் கதவைத் திறந்ததும் கேட்பாள்.

“செத்துச்சா?”

“தெரியலயே.”

“இந்த மழக்கு இன்னுமா உசுரு நிக்கும்?”

“நிக்கும்போலத்தான் இருக்கு.”

“கெட்டி உசுருதான். ஆடி தாண்டாது பாருங்க.”

தாராவியில் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே தகரம்தான் சுவர். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, “ஊர்ல யாருக்குத் தாயி முடியல? மாமனாருக்கா?” என்று கேட்டார். “ஆளு இல்லக்கா, செடி” என்றாள் இவள். அந்த அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதன் பிறகு எங்கள் வீட்டில் எதைக் கொடுத்தாலும் யோசித்துத்தான் வாங்கினார்.

விசாரிக்காமல் இருக்க முடியவில்லை. சாயங்காலம் நர்சரிக்குப் போகிற சாக்கில் அந்த அலுவலகத்துக் காவல்காரரிடம் போய் நிற்பேன். ஜூன் மாதமே அறைகளுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கி, செடிகளையெல்லாம் எடுத்து முதல் மாடியில் டெலிபோன் ஆபரேட்டர் அறைக்கு வெளியே, மழைத்தடுப்புக்குக் கீழே இருக்கும் திட்டில் வைத்துவிட்டார்கள் என்று அவர் சொன்னார். வெள்ளையடித்து முடிந்ததா என்று கேட்டேன். முடிந்தது, ஆனால் செடிகளைத் திரும்ப எடுத்துவைக்க யாரும் சொல்லவில்லை என்றார். தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தொட்டிகளின் விளிம்பு தெரியும். செடி தெரியாது. குடையைப் பிடித்துக்கொண்டு, கழுத்து வலிக்க, என் செடிகள் செத்துவிட்டனவா என்று நான் நின்று பார்த்த நாட்கள் உண்டு.

தீபாவளி முடிந்தது. வண்டி வரவில்லை. பாய் நர்சரியில் என்னைப் பக்கத்தில் நிறுத்தி, செடியிடம், “மொட்டையா, ஒன் ஆளைப் போயித் துக்கம் விசாரிச்சிட்டு வரச் சொல்லு” என்றார்.

போனேன். ஆபரேட்டர் அறை வாசலில் வழக்கம்போல் உள்ளே போவதா வேண்டாமா என்று தயங்கி நின்றேன். அந்த அம்மாவை எத்தனையோ வருடமாகப் பார்த்திருக்கிறேன். பேசியதில்லை. அவர் காதில் எப்போதும் டெலிபோன் கருவி இருக்கும், அதனால் எனக்கு மரியாதைக் குறைவாகவும் தோன்றவில்லை. அன்று கருவியைக் கழற்றிவிட்டு அவரே பேசினார்.

“நீங்க செடிக்காரர்தானே? ஏன் வாசல்லயே நிக்கறேள்? உள்ள வாங்கோ. வந்து பாருங்கோ, எப்படி இருக்குன்னு!”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். திட்டு முழுக்க வரிசையாகத் தொட்டிகள். ஒன்றுகூடச் சாகவில்லை. உடம்பு கெட்டிப்பட்டு, முள் வெளுத்து, ஒவ்வொன்றின் தலையிலும் ரோஜா வளையம். நர்சரியில் என் கையில் இருந்த காலத்தில்கூட அத்தனையும் சேர்ந்து பூத்ததில்லை. குமாஸ்தாக்களின் செடிகள்தான் கூடுதலாகப் பூத்திருந்தன.

“யாரு தண்ணி ஊத்துனது?” என்று கேட்டேன்.

“தண்ணியா? யாரு விடறா! கல்யாணராமன் சார் பியூனை விடச் சொன்னார். அவன் ‘யே மேரா காம் நஹி’ன்னுட்டான். தோட்டக்காரன் வேலையாம், பியூன் வேலை இல்லையாம். சரின்னு துப்புரவுக்காராளைக் கேட்டா, அவாளும் மாட்டேன்னுட்டா. ஜூன்லேர்ந்து இதுக்கு ஒரு ஃபைல் மாடி மாடியா சுத்திண்டிருக்கு. நான் ஃபைலைப் பாப்பேனா, செடியைப் பாப்பேனா? ரெண்டையும் பாத்துண்டு உக்காந்திருந்தேன்.”

எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. மேலே மழைத்தடுப்பு. பக்கவாட்டில் காற்று. மழை விட்டதும் காலையில் நேர் வெயில். நாலைந்து மாதம் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் வருடக்கணக்காகக் கற்றுக்கொண்டு, தீக்குச்சி குத்திப் பார்த்துச் செய்த அதே வேலையை, ஒரு வெள்ளையடிப்பவரும், வேலை செய்ய மறுத்த ஒரு பியூனும், முடிவெடுக்காத ஒரு ஃபைலும் சேர்ந்து என்னைவிட நன்றாகச் செய்திருந்தார்கள். கள்ளிக்கு ஏற்ற தோட்டக்காரன் ஒரு பெரிய அலுவலகம்தான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அதே நேரத்தில் கல்யாணராமன் சார் வந்தார். கையில் ஃபைல். முகத்தில் வெற்றி. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

“பாத்தேளா? வாடகை இல்லாமலே பூக்கறது! பெரிய சார் தன் கை ராசிதான்னு தினம் இங்கயே வந்து பாத்துட்டுப் போறார்!” என்றார். பிறகு ஆபரேட்டர் அம்மாவிடம், “ஃபைல் கிளியர் ஆயிடுத்து. தனியா ஒரு ஆள் போட்டாச்சு. திங்கக்கிழமைலேர்ந்து டெய்லி காலம்பற ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு மக் தண்ணி. தண்ணி இல்லாமலே இப்படின்னா, விட்டா எப்படிப் பூக்கும்!” என்றார்.

நான் செய்ய வேண்டியது சுலபம். கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போக வேண்டியதுதான். தினம் ஒரு மக் தண்ணீர் என்றால் பொங்கலுக்குள் எல்லாம் கூழ். பெரிய சார் ராசியைக் காணோம் என்று வண்டி அனுப்புவார். நர்சரி நிற்கும். எனக்குப் பசை வேண்டியதில்லை. இதற்குத்தான் நானும் பேச்சியம்மாளும் மழைக்காலம் முழுக்க வேண்டிக்கொண்டோம். வேண்டியது வாசலில் வந்து நிற்கிறது, சட்டையை இன் செய்துகொண்டு.

ஆனால் அவர் பேசி முடித்தபோது நான் ஜன்னலோரச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகாரியிடம் எனக்குப் பேச வராது. செடியிடம் பேசிப் பேசி வாய் பழகியிருந்தது. அது தானாகப் பேசிவிட்டது.

“மொட்டையா, ஒனக்குத் தெனமும் தண்ணி ஊத்தப் போறாங்களாம். ஊத்துனா வேரு அழுகி, உள்ள தண்ணியா ஆயி, தொட்டா பொதுக்குன்னு போயிருவ. நல்லாருக்கதக் கெடுத்துக்கிடாத. குளிர் முடியிற வரைக்கும் ஒனக்குச் சொட்டுத் தண்ணி கூடாது. வெயில் காலத்துல பதினஞ்சு நாளைக்கு ஒருக்க கொஞ்சமா ஊத்துனா போதும். மழ வந்ததும் அதையும் நிறுத்திரணும்.”

கல்யாணராமன் சார் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். “இவர் யாரோட பேசறார்?”

“உங்களோடதான் சார்” என்றார் ஆபரேட்டர் அம்மா.

“என்னவாம்?”

“தண்ணி விடாதேங்கறார்.”

அவர் என்னையும் செடியையும் ஃபைலையும் மாறி மாறிப் பார்த்தார். “வாயால சொன்னா ஆகாது. எழுத்துல வேணும். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?” என்றார்.

நான் சொல்லச் சொல்ல, அந்த அம்மா இங்கிலீஷில் டைப் அடித்தார். கல்யாணராமன் வாங்கிப் படித்தார். வெயில் காலத்தில் கொஞ்சம் ஊற்ற வேண்டும் என்பதைப் பேனாவால் அடித்தார். உத்தரவு என்றால் ஊற்று அல்லது ஊற்றாதே என்று ஒன்றுதான் இருக்க வேண்டுமாம், இரண்டும் இருந்தால் யாரும் மதிக்க மாட்டார்களாம். மிச்சத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமை வரவிருந்த ஆளை வேறு வேலைக்கு மாற்றச் சொல்லி அந்தக் காகிதம் அப்போதே கீழே போனது. அந்த அலுவலகத்தில் ஒரே நாளில் முடிந்த காரியம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பாய் நர்சரி வாசலிலேயே நின்றார். குனியவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“செத்துருச்சா?”

“இல்ல. எல்லாம் பூத்திருக்கு.”

“இத்தன மழையிலயா?”

சொன்னேன். மழைத்தடுப்பு, பியூன், ஃபைல் எல்லாம்.

“சரி, போவட்டும். இனிமேயாச்சும் தண்ணி ஊத்துவானுவள்லா?”

“ஊத்தப் போனாங்க. நான் வேண்டாம்னுட்டேன்.”

பாய் கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளி மேல் உட்கார்ந்தார். வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“ஒனக்குத்தான் வாயே கெடையாதேல. இத்தன வருசத்துல ஒரே ஒரு நாளு தொறந்த. அதையும் என் தலையிலயால தொறக்கணும்?”

அதற்கு மேல் அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அடுத்த மழைக்கு முன்னால் நிலத்தைக் காலி செய்தார். இருந்த செடிகளை விற்றதுபோக மிச்சத்தைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார். நான் பட்டறைக்குப் போனேன். கண் மங்கிப்போய் வயதுக்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டு வரும்வரை பசைதான் தடவினேன். பேச்சியம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “ஒங்கள யாரு கேட்டா?” என்று மட்டும் சொன்னாள். நியாயமான கேள்வி. யாரும் கேட்கவில்லை.

சயானிலிருந்து செம்பூர்ப் பக்கம் போகும்போது இப்போதும் சில சமயம் இரண்டு மாடி பஸ்ஸில் மேலே ஏறி உட்காருவேன். மேல் தட்டு ஜன்னலும் அந்த அலுவலகத்தின் முதல் மாடித் திட்டும் ஒரே உயரத்தில் வரும். கல்யாணராமன் சார் பதவி உயர்ந்து டெல்லிக்குப் போய்விட்டார். செடிகள் அங்கேயே இருக்கின்றன. அவற்றுக்கு மேலே சுவரில், அவர் உத்தரவைத் தகரப் பலகையில் இங்கிலீஷில் எழுதித் திருகியிருக்கிறார்கள். எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. இருப்பது நான் சொன்னதில் பாதி என்று தெரியும்.

போன மே மாதம் கொளுத்துகிற வெயில். சிக்னலில் பஸ் நின்றது. பலகைக்கு நேர் கீழே ஜன்னல் கொஞ்சமாகத் திறந்தது. வளையல் போட்ட ஒரு கை எவர்சில்வர் டம்ளரோடு வெளியே வந்து, தொட்டி தொட்டியாக, நான் சொன்ன அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே போயிற்று. உத்தரவை மீறிய அந்தக் கை யாருடையது என்று இங்கே எழுத மாட்டேன். அவருக்கு ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன.